வாயும் இல்லை, காதும் இல்லை... வாசலில் வந்து ஒட்டிய ராட்சத அந்துப்பூச்சி யார்? | நம்ம ஊர் உயிர்கள்

"இது என்ன பூச்சி? விஷமா?"

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், மலையடிவார ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழும் கேள்வி இது. கூடவே ஒரு போட்டோ. டியூப் லைட்டுக்குக் கீழே சுவரில் ஏதோ ஒன்று விரிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் யாரோ ஒருவர் கையை விரித்துக் காட்டியிருப்பார். பூச்சி கையை விடப் பெரிதாக இருக்கும்.

பதில்களும் உடனே வரும். "இறக்கைப் பொடி கண்ணில் பட்டால் பார்வை போயிடும்", "நுனியைப் பாருங்க, பாம்புத் தலை மாதிரியே இருக்கு", "வீட்டுக்குள்ள வந்தா நல்லதில்லை". யாராவது ஒருவர் சரியான பெயரைச் சொல்வதற்குள் விளக்குமாறு தன் வேலையை முடித்திருக்கும்.

அந்த விளக்குமாறுக்கு வேலையே இல்லை. ஏனென்றால், அந்தப் பூச்சி யாரையும் கடிக்க முடியாது. கடிப்பதற்கு வாய் வேண்டுமே! வளர்ந்த இந்த அந்துப்பூச்சிக்குச் சாப்பிடுகிற வாயே கிடையாது. கொட்டுவதற்குக் கொடுக்கும் இல்லை. உங்கள் சுவரில் ஒட்டியிருக்கும்போது அதன் வாழ்க்கையில் மிச்சமிருப்பது சில நாள்கள்தான்.

அது யார், எங்கிருந்து வருகிறது, அந்தச் சில நாள்களில் அது செய்ய வேண்டிய வேலை என்ன? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பம்

கரிசல் பக்கத்துப் பிள்ளைகளிடம் 'பட்டுப்பூச்சி' என்றால் வேறு ஒன்றைக் காட்டுவார்கள். முதல் மழை பெய்ததும் தரையில் ஊர்ந்து வரும், சிவப்பு வெல்வெட் துணியில் கத்தரித்ததுபோல இருக்கும் அந்தக் குட்டி உயிர். தீப்பெட்டிக்குள் போட்டு வைத்து விளையாடாத பழைய தலைமுறை இங்கே குறைவு. ஆனால், அதற்கு எட்டுக் கால்கள். சிலந்திக்கும் உண்ணிக்கும் சொந்தக்காரன். பட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

காஞ்சிபுரம், ஆரணிப் புடவைகளுக்கு நூல் தருவது மல்பெரி இலை தின்னும் பட்டுப்புழு. மனிதர்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கூடைக்குள்ளேயே வளர்த்து வளர்த்து, அதன் அந்துப்பூச்சி பறக்கவே மறந்துவிட்டது. உடம்பு வெள்ளை, இறக்கை சிறியது.

உங்கள் சுவரில் இருப்பது மூன்றாவது வகை. காட்டுப் பட்டுப்பூச்சிக் குடும்பம். 'சாட்டர்னிடே' என்பது விஞ்ஞானிகள் வைத்த குடும்பப் பெயர். இதுவும் பட்டுக்கூடு கட்டும். ஆனால், காட்டு மரங்களில், யாருடைய தயவும் இல்லாமல் கட்டும். இந்தியாவில் கிடைக்கும் டசர், ஈரி, மூகா பட்டு எல்லாம் இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் தருவதுதான். நம்ம ஊர் ஓடைக்கரைகளில் வளரும் ஆமணக்கு இலையைத் தின்றுதான் ஈரிப் புழு வளர்கிறது.

மூன்று பெரியவர்கள்: எப்படி அடையாளம் காண்பது?

விருதுநகர் மாவட்டத்தின் நில அமைப்பை ஒருமுறை மனதில் விரித்துப் பாருங்கள். மேற்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று மலையை ஒட்டிய ஊர்கள். அதற்கு மேலே ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். 2021-ல் அறிவிக்கப்பட்ட இந்தக் காப்பகத்தின் பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். கிழக்கே வந்தால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று கரிசலும் முள்காடும் பட்டாசு ஆலைகளும். இந்த இரண்டு நிலத்தையும் மனதில் வைத்துக்கொண்டால் அடையாளம் காண்பது பாதி சுலபம்.

முதலாமவர், அட்லஸ் அந்துப்பூச்சி. உலகின் மிகப் பெரிய அந்துப்பூச்சிகளில் ஒன்று. இறக்கையை விரித்தால் ஒரு சாணையும் தாண்டும். பெரிய பெண் பூச்சிகள் 24, 25 சென்டிமீட்டர் வரை வரும். செங்கல் கலந்த பழுப்பு நிறம். ஒவ்வோர் இறக்கையிலும் முக்கோண வடிவத்தில் ஒரு 'ஜன்னல்' இருக்கும். அந்த இடத்தில் செதில்களே கிடையாது, கண்ணாடிபோல மறுபக்கம் தெரியும். முன் இறக்கையின் நுனி வளைந்து, கண் வைத்த பாம்புத் தலைபோல இருக்கும். இந்த மூன்றும் இருந்தால் அட்லஸ்தான், சந்தேகமே வேண்டாம்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கும் அட்லஸ் தனி இனம். 1883-ல் ஃபிரெடரிக் மூர் என்ற ஆங்கிலேயர் இலங்கையிலிருந்து கிடைத்த பூச்சியைப் பார்த்து 'அட்டாகஸ் தப்ரோபானிஸ்' என்று பெயரிட்டார். தப்ரோபானே என்பது இலங்கைக்குப் பழைய கிரேக்கர்கள் வைத்த பெயர். தாம்பபண்ணி என்ற சொல்தான் அவர்கள் வாயில் அப்படி மாறியது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். ஈரமான மலைக்காட்டை விரும்பும் பூச்சி என்பதால், மலையடிவார ஊர்களில் இதைப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாமவர், டசர் பட்டு அந்துப்பூச்சி. இதில் ஜன்னல் முக்கோணமாக இருக்காது. நான்கு இறக்கைகளிலும் நான்கு வட்டக் கண்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் நடுவில் கண்ணாடிபோல ஒரு புள்ளி. ஆண் பெரும்பாலும் செம்பழுப்பு, பெண் பெரும்பாலும் மஞ்சள். அட்லஸை விடச் சற்றுச் சிறியது, ஆனாலும் உள்ளங்கையை மறைத்துவிடும். இதன் புழு மருது, இலந்தை, தெருவோரத்தில் நிழலுக்கு வைக்கும் பாதாம் மரம் ஆகியவற்றின் இலைகளைத் தின்னும். இலந்தை முள்காட்டுக்குக் கரிசலில் பஞ்சமா என்ன? அதனால், மலையை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் பெரிய கண் வைத்த மஞ்சள் பூச்சி வந்தால், முதலில் டசரைத்தான் நினைக்க வேண்டும்.

மூன்றாமவர், நிலா அந்துப்பூச்சி. இதை யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. வெளிர் பச்சை நிறம், முன் இறக்கையின் மேல் ஓரத்தில் அரக்குக் கோடு, பின் இறக்கையில் ரிப்பன்போல நீண்டு தொங்கும் இரண்டு வால்கள். ஒதியமரத்தின் இலை இதன் புழுவுக்குப் பிடித்த உணவுகளில் ஒன்று.

இவர்கள் இல்லை, ஆனால் இவர்கள்போல...

வீட்டுக்குள் வரும் எல்லாப் பெரிய பூச்சியும் பட்டுக் குடும்பம் இல்லை. கரும்பழுப்பாக, முன் இறக்கைகளில் மட்டும் ஆந்தைக் கண்போல ஒன்று வைத்திருந்தால் அது ஆந்தை அந்துப்பூச்சி. இதற்கு உறிஞ்சுகுழல் உண்டு. முதுகில் மண்டையோடு வரைந்ததுபோல இருந்து, பிடித்தால் 'கீச்' என்று சத்தம் போட்டால் அது மண்டையோட்டு அந்துப்பூச்சி. அதன் புழு எள் வயலில் வளர்வது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அதுவும் கடிக்காது.

பயப்பட வேண்டியது வேறு ஆளிடம். முருங்கை மரத்தில் கூட்டம் கூட்டமாக அப்பிக்கொண்டிருக்கும் கம்பளிப்பூச்சியின் முடி தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். அந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பயத்தைத்தான் எல்லாப் புழுவின் மீதும், எல்லா அந்துப்பூச்சியின் மீதும் ஏற்றிவிடுகிறோம். அட்லஸின் புழுவுக்கு அரிக்கும் முடி கிடையாது. இறக்கைப் பொடி என்பதும் விஷம் இல்லை. மீன் செதில்போல அடுக்கியிருக்கும் நுண்ணிய செதில்கள் அவை. தூசி அலர்ஜி உள்ளவர்களுக்குத் தும்மல் வரலாம், கண்ணில் விழுந்தால் மற்ற தூசியைப்போல உறுத்தலாம். பார்வை போகாது.

நான்கு வேஷம், ஒரே ஆள்

இனி இதன் வாழ்க்கைக் கதை. அட்லஸை எடுத்துக்கொள்வோம்.

பெண் பூச்சி இலைகளின் அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை ஒட்டவைக்கிறது. ஏறக்குறைய பத்து நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் முட்டை பொரியும். வெளியே வரும் புழுவின் அளவு ஓர் அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரிது. கொய்யா, சீத்தா, எலுமிச்சை வகைகள், பட்டை மரம் என்று பல மரங்களின் இலைகளை இது தின்னும்.

தின்பது என்றால் சாதாரணமாக இல்லை. ஒரு மாதத்துக்கும் மேல் இரவு பகலாக அதே வேலைதான். உடம்பு பெருக்கப் பெருக்கத் தோல் போதாமல் போகும். நான்கைந்து முறை சட்டையை உரித்துப் புதுச் சட்டைக்கு மாறும். கடைசியில் ஒரு விரலை விடத் தடிமனாக, பத்து சென்டிமீட்டரையும் தாண்டிய இளம்பச்சைப் புழு. மேலே சுண்ணாம்பு தூவியதுபோல வெள்ளைப் பொடி.

இவ்வளவு அவசரமாக ஏன் தின்கிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த உயிர் தன் முழு ஆயுளுக்கும் சாப்பிடுவது இந்த ஒரு பருவத்தில் மட்டும்தான். பிறகு கூட்டுப்புழுவாக இருக்கும்போதும் சரி, இறக்கை முளைத்துப் பறக்கும்போதும் சரி, ஒரு வாய் சோறு கிடையாது. பறக்கும் சக்தி, முட்டைக்குள் இருக்கும் சத்து எல்லாமே புழு சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்துதான் வர வேண்டும்.

வயிறு நிறைந்ததும் புழு ஓர் இலையை இழுத்து மடித்துக்கொண்டு, அதற்குள் பழுப்பு நிறப் பட்டு நூலால் கூடு கட்டுகிறது. இலை காய்ந்தாலும் விழக் கூடாது என்பதற்காகக் காம்பையும் கிளையோடு சேர்த்து நூலால் சுற்றிவிடும். எட்டி நின்று பார்த்தால் கிளையில் தொங்கும் சருகு. டசர் புழுவின் கூடு இன்னும் கெட்டி. சிறிய முட்டைபோல இருக்கும். மேலே ஒரு காம்பு, காம்பின் முனையில் கிளையைச் சுற்றிப் போட்ட மோதிர வளையம். இலந்தைச் செடியில் ஆடிக்கொண்டிருக்கும் அந்தக் காயைப் பறித்துப் பார்த்தால் அது காய் இல்லை என்பது புரியும்.

கூட்டுக்குள் சுமார் ஒரு மாதம். வறட்சிக் காலமாக இருந்தால் மாதக்கணக்கில்கூட அப்படியே காத்திருக்கும் இனங்கள் உண்டு. ஒரு புழு எப்போது புழுவாகவே வளர வேண்டும், எப்போது உருமாற வேண்டும் என்று உடம்புக்குள் யார் முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததிலும் இந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கரோல் வில்லியம்ஸ் என்ற விஞ்ஞானி, அந்த ஊர்ப் பெரிய பட்டு அந்துப்பூச்சியான செக்ரோப்பியாவை வைத்துத்தான் ஆராய்ந்தார். 1956-ல் ஆண் பூச்சியின் வயிற்றிலிருந்து 'இளமை ஹார்மோன்' எனப்படும் பொருளைப் பிரித்தெடுத்தார். அந்த ஹார்மோன் இருக்கும்வரை புழு, புழுவாகவே வளர்கிறது. அது வற்றியதும் உருமாற்றம் தொடங்குகிறது.

பிறகு ஒருநாள் கூட்டிலிருந்து ஈரமும் சுருக்கமுமாக ஓர் உயிர் வெளியே வந்து தொங்கும். உடம்பிலிருக்கும் திரவத்தை நரம்புகளுக்குள் செலுத்திச் செலுத்தி இறக்கையை விரிக்கும். விரிந்து காய்வதற்குச் சில மணி நேரம். அந்த நேரத்தில் யாராவது தொட்டால் இறக்கை கோணலாகவே காய்ந்துவிடும். அப்புறம் பறக்க முடியாது.

ஒரு வாரக் கெடு

இறக்கை காய்ந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம். அதற்குள் ஜோடி சேர வேண்டும், முட்டையிட வேண்டும். சாப்பாடு, தண்ணீர் எதுவும் கிடையாது.

பெண் அலைவதில்லை. கூட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டு, வயிற்று நுனியிலிருந்து ஒரு வாசனையைக் காற்றில் விடுகிறது. நம் மூக்குக்கு அது தெரியாது. ஆணின் தலையில் இருக்கும் இரண்டு உணர்கொம்புகளைப் பாருங்கள், அகலமான இறகுபோல இருக்கும். அதுதான் மூக்கு. காற்றில் கரைந்து வரும் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு, வெகு தூரத்திலிருந்து ஆண் வந்து சேரும். உணர்கொம்பு அகலமாக, வயிறு ஒல்லியாக இருந்தால் ஆண். கொம்பு மெலிந்து, வயிறு பருத்திருந்தால் பெண். போட்டோவைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பூச்சிகளின் இந்த வாசனைப் பொருளை உலகம் முதன்முதலில் பிரித்தெடுத்ததும் பட்டுப்பூச்சியிலிருந்துதான். ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டனான்ட் குழு, சுமார் ஐந்து லட்சம் பெண் மல்பெரிப் பட்டுப்பூச்சிகளைச் சேகரித்து, பல வருட உழைப்புக்குப் பிறகு 1959-ல் 'பாம்பிகால்' என்ற பொருளை அடையாளம் கண்டது. அத்தனை பூச்சியிலிருந்து கிடைத்தது சில மில்லிகிராம்தான். அவ்வளவு நுண்ணிய அளவில்தான் அந்தத் தூது காற்றில் போகிறது.

வெடிச் சத்தம் பிரச்னை இல்லை... வெளிச்சம்தான்!

பட்டாசு பூமியில் இப்படி ஒரு பூச்சி எப்படிப் பிழைக்கிறது, வெடிச் சத்தத்தில் மிரளாதா என்று கேட்கலாம். இந்தக் குடும்பத்துப் பூச்சிகளுக்குக் கேட்பதற்குக் காதே கிடையாது. பல அந்துப்பூச்சி இனங்களுக்கு வௌவாலின் ஒலியைக் கேட்டு விலகும் காது உண்டு. இவற்றுக்கு அதுவும் இல்லை.

அப்படியானால் வௌவாலிடமிருந்து எப்படித் தப்பிக்கிறது? இறக்கையாலேயே. வௌவால் ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்து இரை எங்கே என்று கண்டுபிடிக்கும். நிலா அந்துப்பூச்சியின் நீண்ட வால் பறக்கும்போது சுழல்கிறது. வௌவால் உடம்பை விட்டுவிட்டு வாலைக் கடித்துக்கொண்டு ஏமாறுகிறது. அமெரிக்க நிலா அந்துப்பூச்சியை வைத்து 2015-ல் வெளியான ஆய்வில், வால் உள்ளவை தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு வால் இழந்தவற்றை விட 47 சதவிகிதம் அதிகம் என்று தெரியவந்தது. அட்லஸின் அந்தப் பாம்புத் தலை நுனியும் சும்மா இல்லை. இந்தக் குடும்பத்துப் பூச்சிகளின் முன் இறக்கை நுனியில் இருக்கும் மடிப்பும் நெளிவும் எதிரொலியைப் பலமாகத் திருப்பி அனுப்பி, வௌவாலின் குறியை உடம்பிலிருந்து நுனிக்கு இழுக்கிறது என்று 2021-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பகலில் பறவைக்குப் பாம்பு வேஷம், இரவில் வௌவாலுக்கு எதிரொலி வேஷம்.

இத்தனை தந்திரம் தெரிந்த பூச்சி தோற்றுப்போவது ஒரே இடத்தில். நம் வாசல் விளக்கில்.

தமிழில் 'விளக்கில் விழுந்த விட்டில்' என்றால் ஆசையில் அழிந்தவர் என்று அர்த்தம். பாவம், விட்டில் மீது நாம் ஏற்றி வைத்த பழி அது. 2024-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் சாமுவேல் ஃபேபியன், யஷ் சோந்தி உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. அதிவேக கேமராவில் படம்பிடித்துப் பார்த்தபோது, பூச்சிகள் விளக்கை நோக்கிப் போகவில்லை; முதுகை விளக்கின் பக்கம் திருப்பிக்கொண்டே பறந்தன. காரணம் எளிது. கோடிக்கணக்கான வருடங்களாக இரவில் வெளிச்சமான பக்கம் என்றால் அது வானம்தான். முதுகை வெளிச்சத்துக்குக் காட்டினால் நேராகப் பறக்கிறோம் என்று அர்த்தம். பக்கவாட்டில் ஒரு பல்பு எரிந்தால் அதையே வானம் என்று நினைத்து உடம்பைச் சாய்க்கிறது. சாய்ந்ததால் வட்டமடிக்கிறது, தடுமாறுகிறது, வட்டத்திலிருந்து வெளியே வர முடியாமல் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஆசையும் இல்லை, முட்டாள்தனமும் இல்லை. எது மேல், எது கீழ் என்பதை அந்த பல்பு மாற்றிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு வார ஆயுளில் ஓர் இரவு என்பது எவ்வளவு பெரிய பங்கு என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் சுவரில் ஒட்டியிருப்பது ஆணாக இருந்தால், எங்கோ ஒரு மரத்தில் பெண் விட்ட வாசனையைத் தேடி அன்றிரவு அது போகவில்லை. பெண்ணாக இருந்தால், இலையில் இட வேண்டிய முட்டையைச் சுவரிலும் ஜன்னல் வலையிலும் இட்டுக்கொண்டிருக்கலாம். அங்கே பொரிக்கும் புழுவுக்குத் தின்ன ஓர் இலைகூடக் கிடையாது.

பட்டாசு ஆலைகளில் மருந்து வேலை பகல் வெளிச்சத்தில் நடப்பதுதான் வழக்கம். பொழுது சாய்ந்தால் அந்த வளாகங்கள் பெரும்பாலும் இருட்டு. ஆனால், ஊரும் சாலையும் அப்படி இல்லை. எல்.இ.டி பல்பு மலிவானதும் வாசலுக்கு இரண்டு, மாடிக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்று விடிய விடிய எரிகிறது. மலையடிவாரத்தில் தோப்பு வீடுகளும் விடுதிகளும் கூடக் கூட, காட்டின் ஓரத்து இருட்டு குறைந்துகொண்டே வருகிறது.

வந்துவிட்டால் என்ன செய்யலாம்?

முதலில் போட்டோ. மேலிருந்து ஒன்று, பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனாவோ தீப்பெட்டியோ வைத்து ஒன்று. உணர்கொம்பு தெரிய வேண்டும். இடம், தேதியுடன் 'ஐநேச்சுரலிஸ்ட்' செயலியில் பதிவிட்டால் விவரம் தெரிந்தவர்கள் பெயரை உறுதிசெய்வார்கள். இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2022 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், அந்த நாட்டில் முதன்முறையாக ஓர் அட்லஸ் அந்துப்பூச்சி கண்டறியப்பட்டபோது, தகவல் கொடுத்தது அதைப் பார்த்த ஒரு பேராசிரியர்தான். அதன்பின் பொதுமக்களிடம் "பார்த்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள்" என்று அந்த மாநில வேளாண் துறையே கேட்டுக்கொண்டது. அங்கே அது வெளியிலிருந்து வந்த பூச்சி. இங்கே அது இந்த மண்ணின் பூச்சி. எங்கே, எந்த மாதத்தில் வருகிறது என்ற பதிவு நமக்கு இன்னும் அதிகமாக வேண்டும்.

நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன், பூச்சி சேகரிக்கும் ஆர்வத்தில் தொடங்கி, 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகள் பற்றி நான்கு பெரிய தொகுதிகளை எழுதி முடித்தார். இந்தியாவில் வண்ணத்துப்பூச்சி இனங்கள் 1,300-க்கு மேல் என்றால், அந்துப்பூச்சி இனங்கள் 10,000-க்கும் மேல். ஆனாலும் 2019-ல் 'தமிழ் மறவன்' தமிழகத்தின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டதுபோல ஓர் அந்தஸ்து அந்துப்பூச்சிக்கு வாய்க்கவில்லை. அதை விட மூன்று மடங்கு பெரிதான அட்லஸுக்கு ஊர் வழக்கில் நிலைத்த ஒரு தமிழ்ப் பெயர்கூட இல்லை.

அடுத்தது விளக்கு. வெளி விளக்கை அணையுங்கள். பல நேரம் அது போதும். கொஞ்ச நேரத்தில் பூச்சி தானாகப் போய்விடும். கட்டாயம் விளக்கு வேண்டும் என்றால் வெள்ளைக்குப் பதில் மஞ்சள் பல்பு, வெளிச்சம் கீழ்நோக்கி விழும்படி ஒரு மூடி.

பகலில் பார்த்தால் தொடாமல் விட்டுவிடுங்கள். பகல் அதற்கு ஓய்வு நேரம். காக்கையும் கோழியும் கொத்தும் இடமாக இருந்தால் மட்டும் நகர்த்தலாம். இறக்கையைப் பிடிக்கக் கூடாது. அதற்கான கருவி சிவகாசியில் எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. போன வருட தினசரி காலண்டர் அட்டை! அதைப் பூச்சியின் கால்களுக்கு முன்னால் மெதுவாக நீட்டினால் ஏறிக்கொள்ளும். அப்படியே கொண்டுபோய் வெளிச்சம் படாத ஒரு மரத்தடியில் விட்டுவிடலாம். தண்ணீர், சர்க்கரைக் கரைசல் எதுவும் வைக்க வேண்டாம். குடிக்க வாய் இல்லை.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ தோட்டத்தைச் சுத்தம் செய்யும்போது, கிளையில் நூல் சுற்றித் தொங்கும் சருகைக் கண்டால் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். கனமாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார். கொய்யா மரத்தில் ஒன்றிரண்டு பெரிய பச்சைப் புழுக்களுக்காக மருந்து அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. சில கிளைகளின் இலை போகும். மரம் திரும்பத் துளிர்த்துக்கொள்ளும்.

பூச்சி போன பிறகு அது ஒட்டியிருந்த சுவரை ஒருமுறை கவனியுங்கள். ரவையை விடப் பெரிதாக, செந்நிறமோ பழுப்போ கலந்த உருண்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தால் அவை முட்டைகள். ஒரு தாளின் ஓரத்தால் மெல்லச் சுரண்டி, அந்தத் தாளோடு மடித்து, கொய்யா அல்லது சீத்தா மரத்தின் கிளையில் எறும்பு ஏறாத இடமாகப் பார்த்துச் செருகி வையுங்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து இலை ஓரத்தில் அரித்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள்.